பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டால் பரீட்சை முடிந்ததா? விமானிகளின் தகுதித் தேர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, வில்லியனூர் பக்கத்தில் பிள்ளையை பைலட் ஆக்கிப் பார்க்க ஆசைப்படும் பெற்றோர், ப்ளஸ் டூ முடித்த மாணவர்கள், புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமானம் ஏறும் பயணிகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. விமானத் தேர்வுப் பாடங்களைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்திய விதிகள்தான். வெளிநாட்டு விதி வரும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒருமுறை லைசென்ஸ் வாங்கினால் ஆயுளுக்கும் ஓட்டலாமா?

முடியாது. லைசென்ஸ் கையில் இருப்பது வேறு, இன்றைக்கு விமானம் ஓட்டத் தகுதியோடு இருப்பது வேறு. மருத்துவச் சான்று, ஓட்டப்போகும் விமான வகைக்கான டைப் ரேட்டிங், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஆண்டுக்கு இருமுறை நடக்கும் திறன் சோதனை, அண்மையில் பறந்திருக்கும் கணக்கு என்று எல்லாமே காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், 15,000 மணி நேரம் பறந்த கேப்டனாக இருந்தாலும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

ஊரில் ஒரு பையன் லைசென்ஸ் வாங்கி வந்ததும் பேனர் வைத்துக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவன் எழுதப்போகும் பரீட்சைகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதை வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, என்னென்ன வேண்டும்?

வயது 18 ஆகியிருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது வெகுகாலமாக இருந்து வரும் விதி. வணிகவியல் பிரிவில் படித்த பலர் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறி உள்ளே வந்திருக்கிறார்கள்.

பறந்த நேரம் மொத்தம் 200 மணி. அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் பறப்பது, இரவில் ஏற்றி இறக்குவது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று போனதாக இருக்க வேண்டும். அப்புறம் எழுத்துத் தேர்வுகள், ரேடியோ தேர்வு, பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பறத்தல் தேர்வு.

எதை முதலில் செய்ய வேண்டும்?

மெடிக்கல். மற்றதெல்லாம் பிறகு.

பயிற்சிக்கு ஆகும் செலவு சின்னத் தொகை அல்ல. நிலத்தை விற்று, வீட்டை அடமானம் வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பணத்தைக் கட்டி ஒரு வருடம் கழித்து, நிறக்குருடு என்றோ இதயத் துடிப்பில் கோளாறு என்றோ தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் செய்துகொள்ளலாம். அதோடு நிற்காமல், வணிக விமானிக்குக் கட்டாயமான முதல் வகுப்புச் சோதனையையும் முடித்துவிட்டு, அதன் பிறகு பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். "இப்போதே சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி, மெடிக்கல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணாடி போட்டிருந்தால் விமானி ஆக முடியாதா?

ஆகலாம். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கூடவே வைத்திருக்கச் சொல்வார்கள். நிறம் பிரித்தறிவதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

எழுத்துத் தேர்வுகள் ரொம்பக் கடினமா?

விமான விதிகள், வழிசெலுத்தல், வானிலையியல், தொழில்நுட்பம் ஆகியவை முக்கியத் தாள்கள். தேர்ச்சிக்கு 70 சதவீதம். மனப்பாடம் செய்தே தேறலாம் என்று பழைய கேள்விக் கொத்தைத் தேடி அலைகிற பிள்ளைகள் உண்டு. தாளில் தேறிவிடலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு விமான நிறுவனத்தின் நேர்முகத்தில் "மேகத்துக்குள் உறைபனி எந்த வெப்பநிலையில் அதிகம் படியும்?" என்று கேட்டால் கொத்து கைகொடுக்காது.

வானிலையியலில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிக் கொட்டித் தீர்த்ததையும் நேரில் பார்த்தவர்கள். புயல் கண் கடக்கும்போது காற்று அடங்கி, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிப்பது ஏன் என்று பாடத்தில் வரும்போது, அவர்களுக்கு வாசலில் பார்த்த காட்சியே ஞாபகம் வரும்.

2011ஆம் ஆண்டில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உயர்நிலை உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் இந்தியாவில் கைதானார்கள். பெரிய விமானங்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் பெற்றோர் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்தவள் என் மகள். ஆங்கிலத் தேர்வில் தேறுவாளா?

தேறுவாள். ஆங்கில இலக்கியத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வைத்திருக்கும் அளவுகோலில் குறைந்தது 4ஆம் நிலை வர வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளல், பதில் பரிமாற்றம் என்று 6 அம்சங்களைப் பார்ப்பார்கள். ஆறில் எது குறைவோ அதுதான் உங்கள் நிலை. ஐந்தில் அசத்தி, கேட்டுப் புரிந்துகொள்வதில் தடுமாறினால் அந்தத் தடுமாற்றமே மதிப்பெண். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. எதிராளிக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். 4ஆம் நிலை வாங்கியவர் சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். 6ஆம் நிலைக்கு மறுதேர்வு இல்லை.

இந்தத் தேர்வு சும்மா வந்ததல்ல. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. அது 14,000 அடிப் பக்கம் இறங்கிவிட்டது, அங்கே எதிரே சவுதி விமானம். ரேடியோவில் வந்த ஆங்கிலத்தை அந்தக் குழு சரியாகப் பிடிக்காததும் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. மகளிடம் தினமும் அரை மணி நேரம் விமான ரேடியோ உரையாடல்களைக் கேட்கச் சொல்லுங்கள். இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. வகுப்பில் இலக்கணப் பயிற்சி செய்வதைவிட இது சீக்கிரம் பலன் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

200 மணி நேரம் பறந்தவர் நேராகப் பெரிய விமானத்தில் உட்கார்ந்துவிடலாமா?

இந்தியாவில் கோ-பைலட்டாக உட்காரலாம், ஆனால் நேராக அல்ல. ஏ320 ஜெட் விமானம் என்றால் அதற்கான டைப் ரேட்டிங், ஏடிஆர் புரொப்பெல்லர் விமானம் என்றால் அதற்கானது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஓட்ட முடியாது. அந்தப் பயிற்சி பெரும்பாலும் சிமுலேட்டரில், அதாவது தரையில் நிற்கும் மாதிரி விமானி அறையில். தேறிய பிறகு பயணிகள் விமானத்தில், பயிற்சி கேப்டன் ஒருவரின் கண்காணிப்பில் பறந்து பழக வேண்டும். அதன் முடிவிலும் ஒரு சோதனை.

அமெரிக்காவில் விதி வேறு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் அதற்கு முன் பல சோதனைகளில் தோற்றவர் என்று விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகு அங்கே விமான நிறுவனத்தில் கோ-பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆக்கினார்கள். இங்கே 1,500 மணி நேரமும் 21 வயதும் உயர்நிலை உரிமமான ஏடிபிஎல்லுக்கு வேண்டும். அது இல்லாமல் கேப்டன் ஆக முடியாது.

என் கருத்து: மணிக்கணக்கு மட்டும் ஒருவரைத் திறமைசாலி ஆக்குவதில்லை. அந்த மணிகளில் என்ன செய்தார், தவறியபோது யார் திருத்தினார்கள் என்பதுதான் முக்கியம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சிமுலேட்டர் சோதனையில் என்ன செய்வார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திறன் சோதனையை ஓராண்டுக்குள் இருமுறை முடிக்க வேண்டும் என்பது ஐகாவோ விதி. இரண்டையும் அடுத்தடுத்த நான்கு மாதத்துக்குள் ஒரே மாதிரி முடித்துவிட்டு மீதி நாள் ஓய்வாக இருக்கலாம் என்றும் முடியாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் புதுப்பிப்பும் பெரும்பாலும் இதில் ஒன்றோடு சேர்ந்தே நடக்கும்.

சிமுலேட்டர் என்பது உயரமான கால்களில் நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே போனால் நிஜ விமானி அறை அப்படியே இருக்கும்: அதே நாற்காலி, அதே பொத்தான்கள். ஜன்னலில் ஓடுபாதை, மழை, இருட்டு எல்லாம் தெரியும். இயந்திரம் விலை உயர்ந்தது என்பதால் இரவு பகலாக ஓடும். நள்ளிரவு 2 மணிக்குச் சோதனை என்று வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். பொதுவாக இரண்டு விமானிகள் சேர்ந்து 4 மணி நேரம் உள்ளே இருப்பார்கள். முன்னால் ஒரு விளக்கம், பின்னால் ஒரு அலசல்.

மிகவும் பேர்போன கட்டம் வி1 கட். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்தினால் ஓடுபாதை போதாது. அந்த வேகம்தான் வி1. அதைத் தாண்டிய மறுகணம் பரிசோதகர் ஓர் இன்ஜினை நிறுத்திவிடுவார். விமானத்தின் மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கக் கால் மிதியை அளவாக அழுத்தி, நேராக்கி, மேலே எழுப்ப வேண்டும். சக்கரத்தை மடக்குவதைத் தவிர, பொதுவாக 400 அடி உயரம் வரை வேறு எதிலும் அவசரப்பட்டுக் கைவைக்கக் கூடாது. அதன் பிறகுதான் எந்த இன்ஜின், என்ன கோளாறு என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி, உறுதி செய்து, பட்டியலைப் படித்துச் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் "சரி, அதுதான்" என்று சொல்லாமல் எந்த நெம்புகோலையும் இழுக்கக் கூடாது.

அப்புறம் ஒற்றை இன்ஜினோடு இறங்குவது, கடைசி நேரத்தில் இறங்காமல் மேலே திரும்புவது, ஓடுபாதையிலேயே புறப்பாட்டைக் கைவிடுவது, காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறும் காற்று வெட்டு, புகை, காற்றழுத்தக் குறைவு என்று வரும். அளவுகளும் கறாரானவை. ஐரோப்பிய விதிகளில் உயரம் 100 அடிக்கு மேல் விலகக் கூடாது. எல்லா இன்ஜினும் ஓடும்போது வேகம் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கூடலாம் அல்லது குறையலாம். ஓர் இன்ஜின் நின்றுவிட்டால் 10 நாட் வரை கூடலாம், குறைந்தால் 5 நாட்தான். வேகம் குறைவதுதான் ஆபத்து என்பதால் அந்தப் பக்கம் இரக்கமில்லை.

கைத்திறன் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. 2013இல் ஐகாவோ வெளியிட்ட புதிய பயிற்சி முறைக் கையேடு 8 திறன்களைச் சொல்கிறது. தானியங்கியாலும் கையாலும் விமானத்தைச் செலுத்துவது அதில் இரண்டுதான். நடைமுறையைக் கடைப்பிடிப்பது, தகவல் பரிமாற்றம், தலைமையும் கூட்டு வேலையும், சிக்கலைத் தீர்த்து முடிவெடுப்பது, சூழல் உணர்வு, வேலைச் சுமையைச் சமாளிப்பது என்பவை மீதி ஆறும்.

லாஸ்பேட்டைக்கு வருவது சின்ன ஏடிஆர் விமானம்தானே. அதற்கும் இவ்வளவு கெடுபிடி உண்டா?

உண்டு, அப்படியே உண்டு. நம் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் பெரிய ஜெட் விமானங்களுக்கு இடமில்லை. அதனால் ஏடிஆர் போன்ற புரொப்பெல்லர் விமானங்கள் வருகின்றன. அதன் விமானிகளுக்கும் அதே ஆறு மாதக் கணக்கு, அதே பரிசோதகர் முறை.

சொல்லப்போனால் புரொப்பெல்லர் விமானத்தில் இன்ஜின் நின்றால் வேலை கூடுதல். நின்ற புரொப்பெல்லர் காற்றைத் தடுத்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். புரொப்பெல்லரின் தகடுகளைத் திருப்பி அந்த இழுவையைக் குறைக்க வேண்டும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 புறப்பட்ட சில நிமிடங்களில் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். வலது இன்ஜின் சக்தி இழந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் நன்றாக ஓடிய இடது இன்ஜினை நிறுத்திவிட்டார். தப்பான பக்கத்தை இழுத்துவிட்டதாக அவர் கடைசி நொடிகளில் சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. கேப்டன் பதவி உயர்வுக்கான சிமுலேட்டர் சோதனையில் அவர் முதலில் தேறவில்லை என்பதும், அழுத்தமான நேரத்தில் தடுமாறுகிறார் என்று பயிற்றுநர்கள் குறித்திருந்ததும் விசாரணையில் தெரிந்தது. விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ஏடிஆர் விமானிகளை இன்ஜின் கோளாறு குறித்து வாய்மொழியாகச் சோதித்தபோது 10 பேர் தேறவில்லை.

சோதனை என்ற ஒன்று நடந்தது என்பது மட்டும் போதாது, அதில் தெரிந்த குறையை யாராவது பொறுப்பாக எடுத்துத் திருத்த வேண்டும் என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த விபத்தை வைத்துத்தான்.

சோதிப்பவரும் அதே நிறுவனத்து ஆளா? அப்படியானால் விட்டுக்கொடுக்க மாட்டாரா?

நியாயமான சந்தேகம். பரிசோதகர் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் மூத்த கேப்டன்தான், ஆனால் அவரை அங்கீகரிப்பது டிஜிசிஏ. டிஜிசிஏவுக்குச் சொந்தமாகவும் பறத்தல் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சோதனையை நேரில் வந்து பார்க்கலாம். தகுதியில்லாதவரைத் தேற்றிவிட்டால் பரிசோதகரின் அங்கீகாரமே போகும். ஆனாலும் நட்பும் சங்கடமும் மனிதர்களிடையே இருக்கத்தான் செய்யும். வெளி ஆய்வாளர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பது என் விருப்பம்.

சோதனையில் தோற்றால் வேலை போய்விடுமா?

உடனே போகாது. அன்றிலிருந்து அவர் பயணிகள் விமானம் ஓட்டக் கூடாது. எங்கே தவறினாரோ அதற்குத் திருத்தப் பயிற்சி கொடுத்து, மறுபடி சோதிப்பார்கள். தேறினால் பழையபடி வேலை. மீண்டும் மீண்டும் தோற்றால்தான் விசாரணை, பதவி இறக்கம், வேலை இழப்பு என்று போகும்.

"கேப்டன் தோற்றுவிட்டாராம்" என்று கேள்விப்பட்டால் கேவலமாகப் பேசாதீர்கள். பெட்டிக்குள் தோற்று, திருத்திக்கொண்டு வருகிறவரால் யாருக்கும் ஆபத்தில்லை.

ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடப்போய் மேலே பறந்த வீடியோ பார்த்தோம். அது விமானியின் தவறா?

இல்லை, அவர் சரியாகச் செய்ததைத்தான் பார்த்தீர்கள். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அது. பக்கக் காற்றில் ஆட்டம் கண்டதும் இறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்பினார்கள். இதற்குப் பெயர் கோ-அரவுண்ட். ஒவ்வொரு சிமுலேட்டர் சோதனையிலும் கட்டாயம் செய்ய வேண்டிய பயிற்சி.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மங்களூரு இருக்கிறது. 2010 மே 22 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். மேலே திரும்பச் சொல்லி கோ-பைலட் மூன்று முறை எச்சரித்தும் கேப்டன் இறங்குவதிலேயே இருந்தார் என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்த விபத்திலும், மேலே போகலாம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னது நடக்கவில்லை.

நம் வளர்ப்பில் பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்பது ஊறிப்போனது. விமானி அறையில் அது உயிரை வாங்கும். அதனால்தான் கேப்டனைத் தடுத்துச் சொல்லும் துணிவு கோ-பைலட்டுக்கு இருக்கிறதா, அதைக் கேட்கும் பக்குவம் கேப்டனுக்கு இருக்கிறதா என்பதையும் சோதனையில் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை இந்த வேலைக்குப் போகப் போகிறான் என்றால், தவறு என்று தெரிந்ததைச் சொல்லும் பழக்கத்தை வீட்டிலேயே வளரவிடுங்கள்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு வந்து உடனே ஓட்டலாமா?

முந்தைய 90 நாளில் 3 புறப்பாடும் 3 இறக்கமும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் சிமுலேட்டர். மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் விமானிகளும் இந்த வழியாகத்தான் திரும்புகிறார்கள், தயங்க வேண்டியதில்லை.

வயதான கேப்டன்களை நம்பலாமா?

நம்பலாம். 60 வயதுக்கு மேல் மருத்துவச் சோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை; 65க்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது.

மது சோதனை உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது. மூச்சுக் கருவியில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது தொடக் கூடாது. முதல்முறை சிக்கினால் 3 மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை 3 வருடம், மூன்றாம் முறை ரத்து. மது கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட மாட்டிவிடும் என்பதால் விமானிகள் மருந்துக்கடையில் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நான் ஏறும் விமானத்தின் கேப்டன் சோதனையெல்லாம் முடித்தவரா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பயணி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. நிறுவனம் பணிப் பட்டியல் போடும் மென்பொருளில் ஒவ்வொரு விமானியின் மருத்துவச் சான்று, சோதனைத் தேதி, 90 நாள் கணக்கு எல்லாம் ஏற்றப்பட்டிருக்கும். தேதி கடந்தவரை அது பட்டியலில் போட விடாது. அதையும் மீறிக் காலாவதியானவரை ஓட்ட வைத்தால், டிஜிசிஏ தணிக்கையில் சிக்கும்போது நிறுவனத்துக்கு அபராதம், பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கை. பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ புதுச்சேரியிலிருந்து ஏறும்போது நீங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு: விமானம் இறங்காமல் மேலே திரும்பினாலோ, வானிலை சரியில்லை என்று சென்னைக்குத் திருப்பிவிட்டாலோ, இறங்கியதும் விமானப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.